யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸ் மலைக்கு: குடும்பத்தோடு முதல் நாள் ஸ்கீ

மாசி மாதம் சுவிஸில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு விருந்தாகப் போகிற குடும்பத்துக்கு, போய் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ "வாங்கோ, மலைக்குப் போய் ஸ்கீ ஓடிப் பாப்பம்" என்ற அழைப்பு வந்தே தீரும். ஸ்கீ என்றால் காலுக்கு ஒன்றாக நீளக் கட்டை பூட்டிப் பனியில் வழுக்கி இறங்குவது. அங்கே பிறந்த பிள்ளைகள் நாலு வயதிலேயே கட்டையில் ஏறியவர்கள். நமக்குச் சைக்கிள் எப்படியோ அவர்களுக்கு ஸ்கீ அப்படி. வில்லங்கமும் அங்கேதான் தொடங்குகிறது. சைக்கிள் ஓடுகிற ஒருவரிடம் "விழாமல் எப்படி ஓடுறீர்?" என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இவர்களும் அப்படித்தான். நேரே மேலே கொண்டுபோய் விட்டு, "முழங்காலை மடக்குங்கோ, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, நூறு மீற்றர் கீழே போய் நின்று கை காட்டுவார்கள்.

நினைத்த இடத்தில் நிற்கத் தெரியுமுன், ஆட்களை மலைக்கு மேலே ஏற்றும் எந்த லிஃப்ற்றிலும் உயரம் ஏறக்கூடாது. இனிச் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியதுதான். ஓடுவதைச் சரிவு பார்த்துக்கொள்ளும். நிற்பதைத்தான் படிக்கவேண்டும்.

ஊரிலிருந்து வெளிக்கிட முன்

குடாநாடு தட்டையான நிலம். கீரிமலையில்கூட ஏறுவதற்கு மலை கிடையாது. அதனால் மடங்கிய நிலையில் பாரம் தாங்குகிற பழக்கம் நம்முடைய தொடைகளுக்குக் குறைவு. ஸ்கீ ஓடுகிறவர் நிமிர்ந்து நிற்பதில்லை, குந்துவதுமில்லை. இரண்டுக்கும் நடுவே அரைக் கதிரையில் இருப்பதுபோல நாள் முழுக்க நிற்கிறார். சைக்கிள் மிதித்து உரமேறிய கால்களுக்கும் இது புதிது. ஆறு கிழமைக்கு முன்பே, சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பதுபோல இருந்து பழகுங்கள். 30 வினாடி, மூன்று தரம் என்று தொடங்கி 90 வினாடிக்குக் கொண்டுவரலாம். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு உதவும். கசூரினா கடற்கரையின் இளகிய மணலில் அரை மணித்தியாலம் நடந்தால் கணுக்கால் பலப்படும்.

அடுத்தது காப்புறுதி. செங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி எடுத்திருப்பீர்கள். அது இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சாதாரண பயணக் காப்புறுதிகள் பலவற்றில் ஸ்கீ விபத்து விலக்கப்பட்டிருக்கும். "குளிர்கால விளையாட்டு, மலை மீட்பு, ஹெலிகொப்ரர்" மூன்றும் உண்டா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சுவிஸில் சரிவில் விழுந்தவரைச் சறுக்குவண்டியில் இறக்கி வருவதற்கே கட்டணம் அறவிடுவார்கள். ஹெலிகொப்ரர் வந்தால் கணக்கு வேறு. குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே ஓடி விழுந்தால் பல காப்புறுதிகள் முகம் சுளிக்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கதைத்துவிட்டுப் போகவேண்டும். பாத நரம்பு மரத்துப்போனவருக்கு ஸ்கீச் சப்பாத்து கடிப்பதும் தெரியாது, விரல் விறைப்பதும் தெரியாது. மாலை சப்பாத்தைக் கழற்றும்போது புண் இருக்கும். அவர்கள் ஓடாமல் இருப்பதே நல்லது. கேபிள் காரில் போய்ப் பார்த்து வரலாம். இன்சுலினைத் தோள்பையில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகும். மேல்சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள். இரத்தச் சீனி பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, அதையும் உள்ளேயே வையுங்கள். இருதய வருத்தக்காரர், கர்ப்பிணிகள், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் யாரென்று முன்கூட்டியே உறவினருக்குச் சொல்லிவிடுங்கள். மலையடிவாரத்தில் நின்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

குளிர் உடுப்புக்காகப் பணத்தை இங்கே கொட்டவேண்டாம். ஸ்கீ மேல்சட்டையும் காற்சட்டையும் சுவிஸ் வீடு ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் வளர்ந்து கழித்தவை கிடக்கும். இல்லாவிட்டால் "புறொக்கன்ஹவுஸ்" என்று சொல்லப்படும் பழம்பொருள் கடைகளில் மலிவாக எடுக்கலாம். எல்லோருடைய உயரத்தையும் இடுப்பளவையும் ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பிவிட்டால் போதும்.

எந்த மலை, எந்த நிறம்

சுற்றுலாக்காரர் போகும் யுங்ஃபிறவ்யொக் 3,454 மீற்றர், திற்லிஸ் சிகரம் 3,238 மீற்றர். படம் எடுக்க அவை நல்லவை, பழகுவதற்கு அல்ல. முதல் நாளுக்கு வேண்டியது 1,000 முதல் 1,900 மீற்றர் வரையான உயரமும், வேலி போட்ட பழகுமிடமும், அதில் நின்றபடியே மேலே கொண்டுபோகும் கம்பள லிஃப்ற்றும்தான். திற்லிஸ் இருக்கும் எங்கல்பேர்க்கிலேயே கேர்ஷ்னியல்ப், ட்றூப்சே ஆகிய கீழ்த்தட்டுகளில் தொடக்கக்காரர் பழக இடம் உண்டு. கிறிண்டல்வால்டில் ஊரை ஒட்டியே பொட்மி என்ற சரிவு இருக்கிறது. சூரிச் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஃபுளும்சர்பேர்க் சுகம்: வாலன் ஏரிக் கரையில் உன்ரர்ரேர்சன் ஸ்டேசனில் ரெயினை விட்டு இறங்கினால், பக்கத்திலேயே கேபிள் கார். பனி வீதியில் கார் ஓடுகிற பாடு இல்லை.

ஸ்கீப் பாதைகளைக் குறிக்கும் நிறங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுவிஸில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலத்தின் சாய்வு பொதுவாக 25 வீதத்துக்குள். அதாவது நாலு மீற்றர் போக ஒரு மீற்றர் இறக்கம். சிவப்பு 40 வீதம் வரை. கனடாவிலோ இலகு பச்சை வட்டம், நடுத்தரம் நீலச் சதுரம், கடினம் கறுப்பு வைரம். ரொறன்ரோ அத்தான் தொலைபேசியில் "நீலத்தில ஓடுங்கோ, பிரச்சினையில்லை" என்றால் அவர் சொல்லும் நீலம் கிட்டத்தட்ட சுவிஸின் சிவப்பு. கனடாவுக்குப் போகிறவர் சுவிஸ் உறவினரின் சொல்லைக் கேட்டு முதல் நாளே நீலச் சதுரத்தில் இறங்குவதும் இதே பிழைதான். மஞ்சள் நிறத்தில் குறித்த வழிகள் சீர் செய்யப்படாதவை. அவை நமக்கு இல்லை.

பள்ளி விடுமுறை காரணமாக மாசியில் கூட்டம் அள்ளும். மாகாணத்துக்கு மாகாணம் விடுமுறைக் கிழமை மாறும் என்பதால் உறவினரைக் கேட்டு, சனி ஞாயிறைத் தவிர்த்து ஒரு வாரநாளைப் பிடியுங்கள். முந்தின நாள் மாலை வானிலை பாருங்கள். ஃபேன் எனப்படும் தெற்குக் காற்று பலமாக வீசினால் மேல் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். ரிக்கெற்றை முன்கூட்டியே வாங்கியிருந்தால் பணம் போன மாதிரித்தான்.

உடுப்பு

யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். மலையில் 1,000 மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். சூரிச்சில் 2 பாகை என்றால் 2,000 மீற்றரில் கழித்தல் 8. வெப்பமானி கழித்தல் 10 காட்டும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றும் சேர்ந்தால், திறந்த தோலுக்கு அது கழித்தல் 20 மாதிரி. ஓடுகிற வேகமும் காற்றுத்தான் என்பதை மறக்கவேண்டாம்.

குளிர் என்றதும் நம் ஆட்கள் செய்வது, பருத்திப் பெனியன் இரண்டு, அதற்கு மேல் சேட், அதற்கு மேல் சுவெற்றர். பெரிய பிழை. ஸ்கீ ஓடும்போது வேர்க்கும். பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும்; லிஃப்ற்றில் சும்மா இருக்கிற பத்து நிமிடத்தில் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டியது மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல், நடுவில் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற துணி, வெளியே நீர் புகாத ஸ்கீ உடுப்பு. மூன்று போதும். ஜீன்ஸ் கூடவே கூடாது. முதல் விழுகையிலேயே நனையும், அடுத்த லிஃப்ற்றில் விறைத்துப் பலகையாகும்.

காலுறை ஒரே ஒரு சோடி, முழங்காலுக்குக் கீழ்வரை வருகிற மெல்லிய ஸ்கீக் காலுறை. இரண்டு சோடி போட்டால் மடிப்பு விழும், இரத்த ஓட்டம் தடைப்படும், கால் இன்னும் குளிரும். உள்காற்சட்டையின் முனையைச் சப்பாத்துக்குள் விடாதீர்கள். சப்பாத்துக்குள் காலும் காலுறையும் மட்டும்.

பெண்கள் பின்னிய தலைமுடியை மேல்சட்டைக்குள் விடவேண்டும். நீளச் சால்வை வேண்டாம், கழுத்தில் குழாய் போல மாட்டும் துணி போடுங்கள். தலைமுடியும் சால்வையும் லிஃப்ற்றில் சிக்கக்கூடியவை. வளையல், மோதிரத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். கையுறை ஏறாது, விழுந்தால் மணிக்கட்டில் குத்தும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் உள்ளுடுப்போடு ஊசி போட்டுக் குத்திவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு விரல் பிரியாத கையுறை சூடு கூட. ஒரு சோடி மேலதிகமாக எடுங்கள், மத்தியானத்துக்குள் முதல் சோடி நனைந்திருக்கும்.

"எங்கட நிறத்துக்கு வெயில் சுடாது" என்ற நம்பிக்கையை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரின் 80 வீதம்வரை திருப்பி எறியும். மூக்கின் அடிப்பக்கமும் நாடியின் கீழும்கூட எரியும். 50 எண் வெயில் களிம்பை இரண்டு மணிக்கொருக்கால் பூசுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நின்றால் இரவு கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல உறுத்தும்.

வாடகைக் கடை

கட்டையும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்க முந்தின நாள் மாலையே போங்கள். காலை எட்டரைக்கு அங்கே நிற்கிற வரிசை ஒரு மணித்தியாலத்தை விழுங்கும். அவசரத்தில் சப்பாத்துச் சரியாக அமையாது. சப்பாத்துச் சரியில்லாவிட்டால் அந்த நாளே சரியில்லை.

சப்பாத்தின் அளவு சென்ரிமீற்றரில். குதிக்காலைச் சுவரோடு வைத்து, பெருவிரல் நுனிவரை அளக்க 26.5 வந்தால் உங்கள் அளவு 26.5. மாட்டியதும் நிமிர்ந்து நில்லுங்கள்: விரல்கள் முன்சுவரை மெல்லத் தொடவேண்டும். முழங்காலை முன்னே மடக்குங்கள்: விரல்கள் பின்வாங்கவேண்டும். குதி மேலே எழும்பக்கூடாது. முதலில் குதிக்காலை நிலத்தில் இரண்டு தரம் தட்டி, மேலே கணுக்கால் பக்கத்துக் கொளுக்கிகளைப் பூட்டுங்கள், பாதத்து மேலுள்ளவற்றைக் கடைசியில், இலேசாக. பலர் செய்வது இதன் மறுதலை: பாதத்தை இறுக்கி, கணுக்காலைத் தளர விடுவார்கள். கால் விறைக்கும், கட்டையும் சொல் கேளாது. இறுக்கம் என்றால் கை குலுக்குகிற அளவு இறுக்கம். நோவு என்றால் கேட்டு மாற்றுங்கள், "பரவாயில்லை" என்று வெட்கப்பட்டு வாங்கி வராதீர்கள். கடைக்காரருக்கு அது தினசரி வேலை.

கட்டையின் நீளம் தொடக்கக்காரருக்கு நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இருந்தால் போதும். குறுகியது திருப்ப இலகு. "நல்லா ஓடலாம்" என்று மச்சான் தரும் தன்னுடைய நீளக் கட்டையை வாங்காதீர்கள்.

இனி முக்கியமானது. சப்பாத்தைக் கட்டையோடு பிடிக்கும் பூட்டு, விழும்போது தானாகக் கழரவேண்டும். எவ்வளவு விசையில் கழரவேண்டும் என்பதை உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓடும் தரம் ஆகியவற்றைக் கொண்டு கடைக்காரர் அட்டவணை பார்த்துத் திருப்பி வைப்பார். நிறையை மறைத்து ஐந்து பத்துக் கிலோ குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே கழரும். கெட்டிக்காரர் என்று காட்ட "நடுத்தரம்" என்று சொன்னால் விழும்போது கழராது. கட்டை முறுகும், கூடவே முழங்கால் முறுகும். 50 வயதுக்கு மேல் அமைப்பைக் குறைத்து வைப்பார்கள். ஆகவே வயதையும் உள்ளபடி சொல்லுங்கள். தரத்தைக் கேட்டால் "முதல் தரம் பழகுகிறேன்". அந்த அமைப்பை வீட்டில் ஸ்குறூ டிறைவரால் யாரும் தொடக்கூடாது. ஒருவருக்கு எடுத்த கட்டையை மற்றவர் மாறி ஓடிப் பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

ஹெல்மெற் எல்லோருக்கும், பெரியவர்களுக்கும். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கவேண்டும், பிடரியில் ஏறி நிற்கக்கூடாது. கையில் பிடிக்கும் பொல்லை முதல் மணித்தியாலத்தில் பாவிக்கத் தேவையில்லை, சிறு பிள்ளைகளுக்கு நாள் முழுக்கத் தேவையில்லை.

நிற்கப் பழகும் இரண்டு மணித்தியாலம்

ஆசிரியருக்குக் காசு கொடுங்கள். சுவிஸில் பெரிய இடங்களில் வளர்ந்த ஒருவருக்கு நாள் ரிக்கெற் பொதுவாக 60 பிராங்குக்கு மேலே போகும். முதல் நாள் அது உங்களுக்குத் தேவையேயில்லை. பழகுமிடத்துக்கான சிறு ரிக்கெற்றோடு, மிச்சக் காசில் இரண்டு மணித்தியால வகுப்பு. சித்தப்பா மகன் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஆசிரியர் இல்லை. தகப்பனுக்குப் பெறாமகன் சொல்லிக்கொடுப்பது பத்தாவது நிமிடத்தில் வாக்குவாதமாகும்.

வகுப்பில் நடக்கப்போவது இதுதான். முந்தின இரவே வாசித்துவிட்டுப் போனால் காலமை பாதி வேலை முடியும்.

தட்டையான இடத்தில் ஒரு காலில் மட்டும் கட்டையை மாட்டி, மற்றக் காலால் தள்ளி நடவுங்கள். மாட்டும்போது சப்பாத்து அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டித் தட்டிவிட்டு, முதலில் விரல் பக்கம், பிறகு குதியை ஒரே மிதி. "கிளிக்" சத்தம் கேட்கவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தரமும் அடியில் பனி கட்டியிருக்கும். பூட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பிறகு நிலை. முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி, கீழ்க்காலின் முன்னெலும்பு சப்பாத்தின் நாக்கில் அழுந்தும்படி சாயுங்கள். இரண்டு கையும் முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தட்டில் தேத்தண்ணி கொண்டுபோவதுபோல. பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னே சாயும். அது மனித இயல்பு, ஆனால் பின்னே சாய்ந்ததும் கட்டையின் முன்பகுதி பாரமிழந்து, திருப்பவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் வேகம் பிடிக்கும். தொடக்கக்காரர் விழுகிற விழுகை பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது கூரை. கட்டைகளின் முன்முனைகள் ஒரு சாண் இடைவெளியில் கிட்டவும், பின்முனைகள் அகலவும் இருக்கும்படி குதிக்கால்களை வெளியே தள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் ஓலைக் கொட்டிலின் கூரை முகடு போலத் தெரியும். கட்டையின் உள்விளிம்பு பனியைச் சுரண்டும், வேகம் குறையும். இன்னும் அகலத் தள்ளினால் நிற்கும். முழங்கால்களை ஒன்றோடொன்று முட்டவைக்கத் தேவையில்லை. பெருவிரல் பக்கத்தில் அழுத்தம் இருந்தால் போதும். முன்முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் விழுவீர்கள், அதற்குத்தான் அந்த ஒரு சாண். பிள்ளைகளுக்கு "தண்டவாளம்" என்றால் இரண்டு கட்டையும் சமாந்தரம், "கூரை" என்றால் பிரேக். இந்த இரண்டு சொல்லையும் முந்தின இரவே சொல்லி விளையாட்டுக் காட்டுங்கள்.

ஐந்து மீற்றர் பழகுசரிவில், கீழே தானாகத் தட்டையாகிற இடத்தில் தொடங்கவேண்டும். "இந்தக் கோட்டில் நில்" என்று ஒரு கையுறையைப் போட்டு, அதில் நின்று காட்டவேண்டும். பத்துத் தரத்தில் ஒன்பது தரம் நின்றால் அடுத்த படி. திரும்புவது இதற்குப் பிறகு: கூரை நிலையிலேயே வலது காலில் பாரம் கொடுத்தால் இடப்பக்கம் திரும்பும், இடது காலில் கொடுத்தால் வலப்பக்கம். தோளை முறுக்கித் திருப்ப முயன்றால் கட்டை நேரே போகும். சரிவுக்குக் குறுக்காகத் திரும்பினால் வேகம் குறையும், இன்னும் திரும்பி மேல்நோக்கினால் தானாக நிற்கும். செங்குத்தான இடத்தில் கூரையை மட்டும் நம்பினால் தொடை பத்து நிமிடத்தில் எரிந்துவிடும். வேகத்தைத் திருப்பத்தால் அடக்குவதுதான் நீடிக்கும்.

விழுவதும் ஒரு பாடம். சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் மேட்டுப் பக்கமாக, இடுப்பின் பக்கவாட்டில் சாய்ந்து விழுங்கள். பின்னால் கையை ஊன்றாதீர்கள். பொல்லு இருந்தால் விட்டுவிடுங்கள். பிடித்தபடி விழுந்தால் பெருவிரல் மூட்டு நார் கிழியும், வைத்தியர்கள் இதற்கு ஸ்கீக்காரர் பெருவிரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வழுக்கிக்கொண்டிருக்கும்போது எழும்ப முயலாதீர்கள், முழங்கால் நார் அறுவது அப்போதுதான். முழுதாக நின்றபின், கட்டைகளை உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக வைத்து, மேட்டில் கை ஊன்றி எழும்புங்கள். முடியாவிட்டால் மேட்டுப் பக்கத்துக் காலின் கட்டையைக் கழற்றிவிட்டு எழும்பலாம். இரண்டு கட்டையும் கழன்றிருந்தால், திரும்ப மாட்டும்போது பள்ளப் பக்கத்துக் கால் முதலில்.

லிஃப்ற் வகைகள்

ஓடும் கம்பளத்தில் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, கட்டையை நேரே வைத்து ஏறினால் போதும். இழுக்கும் லிஃப்ற்தான் நம் ஆட்களை விழுத்துவது. கம்பிக் கயிற்றில் தொங்கும் தடியைத் தொடைக்குப் பின்னால் கொடுத்ததும், கதிரை என்று நினைத்து அதில் இருந்துவிடுவார்கள். அது இருக்கை அல்ல; நின்றபடி இழுபடவேண்டும். விழுந்தால் தடியை விட்டுவிட்டு உடனே பக்கத்துக்கு உருளுங்கள், பின்னால் அடுத்தவர் வருகிறார்.

கதிரை லிஃப்ற்றில் தோள்பையைக் கழற்றி முன்னால் மடியில் வையுங்கள், பொல்லின் வாரை மணிக்கட்டிலிருந்து எடுங்கள். கோட்டில் நின்று, கதிரை முழங்காலின் பின்னால் தட்டியதும் இருங்கள், தடுப்புக் கம்பியை இறக்குங்கள். சிறு பிள்ளை எப்போதும் பெரியவர் ஒருவரோடு. இறங்குமிடம் வர முன் கட்டையின் முன்முனையைத் தூக்கி, அடையாளத்தில் எழும்பி, நேரே பத்து மீற்றர் போய்விடுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று குடும்பத்தைக் காத்திருந்தால் அடுத்த கதிரை வந்து முட்டும். விழுந்தால் வெட்கமில்லை, பணியாளர் லிஃப்ற்றை நிறுத்துவார். ரிக்கெற் அட்டையை மேல்சட்டையின் இடப்பக்கப் பையில், தொலைபேசியோடு சேர்க்காமல் வைத்தால் வாசல் கதவு தானாகத் திறக்கும்.

மத்தியானத்துக்குப் பிறகு: நீலப் பாதை

நின்று திரும்பத் தெரிந்தவர்கள் மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நீலப் பாதைக்குப் போகலாம். இதுதான் அந்த நாளின் சாகசம், முதல் நாளுக்கு இது தாராளம். வரைபடத்தில் பார்த்து, அந்த லிஃப்ற்றிலிருந்து இறங்கும் வழி எல்லாமே நீலம்தானா, நடுவில் ஒரு துண்டு சிவப்பு வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஓடத் தெரிந்த உறவினர் ஒருவர் முன்னே மெதுவாகத் திருப்பங்கள் போட, அவருடைய தடத்தில் ஒவ்வொருவராக வரவேண்டும், இன்னொருவர் கடைசியில். முன்னவர் நிற்கிற இடம் மேலிருந்து தெரிகிற, பாதையின் ஓரமான இடமாக இருக்கட்டும். வளைவுக்குக் கீழே, மேட்டுக்கு மறைவில் நிற்கக்கூடாது. சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து விதிகளில் இதுவும் ஒன்று. இன்னொன்று: மேலிருந்து வருகிறவர்தான் கீழே போகிறவருக்கு இடம் விடவேண்டும், பழி அவருக்கு. ஆகவே பின்னால் யார் வருகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்து விழவேண்டாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது மட்டும் மேலே பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

இடையில் பயம் வந்து கால் நகர மறுத்தால், கட்டையைக் கழற்றி, பாதையின் ஓரத்தால் நடந்து இறங்குங்கள். ஓரத்துக் கம்பங்களுக்கு வெளியே யாரோ ஓடிய தடம் கிடந்தாலும் போகவேண்டாம். பனி திரண்டு சரிந்து விழும் ஆபத்தை 1 முதல் 5 வரை அளந்து தாவோஸிலுள்ள ஆய்வு நிலையம் தினமும் அறிவிக்கிறது. அந்தத் தடத்துக்காரர் அதைப் பார்த்தாரோ இல்லையோ யாருக்குத் தெரியும்?

மூடுபனி இறங்கினால் வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. நின்றுகொண்டிருந்தாலே ஓடுவதுபோலத் தலை சுற்றும். மரங்கள் இருக்கிற தாழ்ந்த பாதைக்கு இறங்கிவிடுங்கள், மரம் கண்ணுக்கு ஒரு பிடி கொடுக்கும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலை உணவகங்கள் விலை கூட. பல இடங்களில் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட ஒரு அறை இருக்கும். புட்டு குளிரில் கல்லாகிவிடும். றொட்டியும் சம்பலும், வாழைப்பழமும், சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணியும் போதும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். விரதகாரர் கவனிக்க: அல்ப்லர் மக்கறோனி (சீஸ் போட்ட மக்கறோனி), றோஸ்ரி (துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு) இரண்டிலும் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். மது, மலையில் இறங்கும்வரை வேண்டாம்.

ஏதாவது நடந்தால்

ஒருவர் அடிபட்டு விழுந்தால், அவருக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் மேலே இரண்டு கட்டையைக் குறுக்காகப் பனியில் நட்டு, மேலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுங்கள். தலை, கழுத்து அடிபட்டவரின் ஹெல்மெற்றை நீங்களாகக் கழற்றாதீர்கள். சரிவு மீட்புக் குழுவின் இலக்கம் பாதை வரைபடத்தில் இருக்கும், காலையிலேயே தொலைபேசியில் பதிந்துவையுங்கள். அம்புலன்ஸ் 144, ஐரோப்பிய அவசர இலக்கம் 112, ரேகா வான்மீட்பு 1414. எந்தப் பாதை, எந்தக் கம்பத்துக்குக் கிட்ட என்று சொல்லவேண்டும். குளிர் பற்றரியைத் தின்னும், தொலைபேசியை உட்பையில் வைத்தால்தான் அந்த நேரம் உயிரோடிருக்கும்.

பிள்ளைகளின் மூக்கு நுனி, கன்னம், காதை அரை மணிக்கொருதரம் பாருங்கள். நம்முடைய நிறத் தோலில் விறைப்பு வெள்ளையாகத் தெரியாது, சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். வெறுங்கையை வைத்துச் சூடு கொடுங்கள். தேய்க்கக்கூடாது. விரல் உணர்வில்லை என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான், உள்ளே போங்கள்.

அந்த நாளை முடிப்பது

பெரும்பாலான லிஃப்ற்கள் பின்னேரம் நாலு மணியளவில் நின்றுவிடும். மூன்றுக்கே நிறுத்துங்கள். "கடைசியா ஒருக்கா" என்பதில்தான் கால் சொல் கேளாமல் போகிறது. பாதையும் அந்நேரம் குவியல் குவியலாகக் கரடுமுரடாகியிருக்கும். களைத்தவர்கள் கேபிள் காரிலேயே இறங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று காலையே கேட்டு வையுங்கள். பாதை மூடியபின் அதில் நிற்கவே கூடாது. பனி சமப்படுத்தும் இயந்திரங்கள் சில, சரிவில் கட்டிய இரும்புக் கயிற்றை இழுத்தபடி ஏறும். அரையிருட்டில் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று விறைத்து எழும்பும்.

கீழே வந்ததும் முதலில் சப்பாத்தைக் கழற்றுங்கள். கொளுக்கியை எல்லாம் முழுதாகத் திறந்து, நாக்கை முன்னே இழுத்தால் கால் வரும். குளிரில் பிளாஸ்ரிக் இறுகியிருந்தால் கடைக்குள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுக் கழற்றுவது இலகு. கட்டை, பொல்லு, ஹெல்மெற் எல்லாவற்றிலும் உங்கள் இலக்கம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். உணவகத்து வாசலில் ஒரே மாதிரிக் கட்டைகள் மாறிப்போவது அடிக்கடி நடக்கும். ரிக்கெற் அட்டைக்கு முற்பணம் வாங்கியிருந்தால், அட்டையை இயந்திரத்தில் போட்டு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு ரெயினைப் பிடியுங்கள்.